சம்பளத்துக்கு மறுபெயர் வைத்தால்

அட்டப்பாடியின் அகளி, கூளிக்கடவு, கோட்டத்துறை பக்கமிருந்து ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர். சரவணம்பட்டி, பீளமேடு வட்டாரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி, ஆஸ்பத்திரி, பொறியியல் தொழிற்சாலை என்று எல்லாமே இருக்கின்றன. வேலையில் சேரும்போதோ, ஓரிரு வருடம் கழித்தோ இவர்களில் சிலர் முன் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது: “சம்பளத்திலேயே இருக்கிறீர்களா, கன்சல்டன்டாக மாறிக்கொள்கிறீர்களா? மாறினால் கைக்கு வருவது கூடும்.” செய்யும் வேலை அதேதான். உட்காரும் இடமும், லீவு கேட்க வேண்டிய ஆளும் மாறுவதில்லை. பணத்துக்கு எழுதும் பெயர் மட்டும் மாறுகிறது.

இந்தப் பெயர் மாற்றத்தில் யாருக்கு எவ்வளவு மிச்சம், அது பிசகினால் யார் தலையில் விழும் என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். இரண்டாவது கேள்விக்கு இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கிடைத்திருக்கும் பதில் ஒன்றே: மிச்சத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஆபத்து மட்டும் பங்கு பிரியாமல் வேலை செய்தவரிடம் வந்து சேர்கிறது. (2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஆடிட்டர்கள் வாயிலும் நோட்டீஸ்களிலும் பழகியவை பழைய பிரிவு எண்கள். இங்கும் அவற்றையே எழுதுகிறேன்.)

முதலில் ஆசை காட்டும் கணக்கைப் பார்ப்போம். 2025–26 நிதியாண்டில் ஒருவருக்கு வருடச் சம்பளம் 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 23,25,000 ரூபாய்க்கு வரி, செஸ் உட்பட 2,92,500 ரூபாய். அதே 24 லட்சத்தைத் தொழில் கட்டணம் என்று காட்டினால் 44ஏடிஏ பிரிவு கைகொடுக்கிறது. டாக்டர், வக்கீல், என்ஜினீயர், கணக்காளர், தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்வோர் போன்றோர், மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், கணக்குப் புத்தகம் எதுவும் வைக்காமல் பாதியையே வருமானமாகக் காட்டலாம். ரொக்கமாக வாங்கியது நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் வரம்பு 75 லட்சம். ஆக 24 லட்சம் 12 லட்சமாகிவிடும். 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு. வரி பூஜ்யம். கம்பெனி நூற்றுக்குப் பத்து என்று பிடித்த டிடிஎஸ் 2,40,000 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பி வரும்.

சொந்தமாகத் தொழில் நடத்துகிறவர், நான்கைந்து வாடிக்கையாளரிடம் வேலை எடுக்கிறவர், தன் கம்ப்யூட்டரையும் தன் ஆபீசையும் தானே வாங்கிப் போட்டவர் இந்தப் பிரிவைப் பயன்படுத்துவதில் குற்றமே இல்லை. அவர்களுக்காகத்தான் சட்டம் அதை வைத்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பஞ்ச் வைத்து, ஒரே முதலாளியிடம் வேலை பார்த்து, அவர் சொன்ன நேரத்தில் வீட்டுக்குப் போகிறவரைத் தொழில்முறையாளர் என்று எழுதும்போதுதான் வம்பு தொடங்குகிறது. அதிகாரி அதைச் சம்பளம் என்று தீர்மானித்தால் 2,92,500 ரூபாய் வரி திரும்ப வரும். தவறான தகவல் கொடுத்ததாகவும் கருதினால் 270ஏ பிரிவின்படி அந்த வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 5,85,000 ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்து 8,77,500 ரூபாய்; வட்டி தனி. ஒரு வருடத்துக்கே இவ்வளவு. நோட்டீஸ் வரும்போது அது ஒரு வருடத்தோடு நிற்பது அபூர்வம். சாதாரணமாக மூன்று வருடம் மூன்று மாதம் வரை பின்னோக்கிப் போகலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சத்தைத் தொட்டால் ஐந்து வருடம் மூன்று மாதம் வரை.

இதற்குள் ஜிஎஸ்டி என்ற இன்னொரு கண்ணி இருக்கிறது. ஊழியர் முதலாளிக்குச் செய்யும் வேலைக்கு ஜிஎஸ்டி கிடையாது. கன்சல்டன்ட் செய்யும் வேலைக்கு உண்டு. சேவை வரவு வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும்; பொதுவான விகிதம் நூற்றுக்குப் பதினெட்டு. நம் உதாரணத்தில் அது 4,32,000 ரூபாய். கம்பெனி அதைக் கட்டணத்துக்கு மேல் தனியாகக் கொடுத்து வரவு எடுத்துக்கொண்டால் சரி. “எல்லாம் சேர்த்துத்தான் 24 லட்சம்” என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மிச்சம் பிடித்த வருமான வரி முழுதும் அதில் போய், கையிலிருப்பதும் கொஞ்சம் கரையும். மாதக் கடைசியில் பணம் கூடுதலாக வருகிறதே என்ற சந்தோஷத்தில் வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கு, ஐந்து வருடம் முடிந்தால் வர வேண்டிய கிராஜுவிட்டி, வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் படிவம் 16 ஆகியவை இல்லாமல் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை எடுத்துப் படித்தால் எல்லாவற்றிலும் ஒரு வாசகம் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும்: எல்லா வரிகளுக்கும் சட்டப்படியான கடமைகளுக்கும் ஆலோசகரே முழுப் பொறுப்பு. பெரும்பாலும் அது பத்தாவது, பன்னிரண்டாவது பத்தியில், பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு முந்தைய பக்கத்திலேயே வேலை நேரம், விடுமுறை நாட்கள், முன் அனுமதியின்றி வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற தடை எல்லாம் இருக்கும். ஒரே காகிதம் முன்பக்கத்தில் அவரை ஊழியராக நடத்திவிட்டு, பின்பக்கத்தில் ஊழியர் இல்லை என்கிறது. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் நிலைமை ஒரே வரியில் தெரிந்துவிடும். டிடிஎஸ் பிடித்த பிரிவு 192 என்றிருந்தால் கம்பெனி உங்களைச் சம்பளக்காரராகக் காட்டியிருக்கிறது. 194ஜே என்றால் தொழில்முறையாளர். 194சி என்றால் ஒப்பந்தக்காரர். நம் ஆட்களில் பலர் ரீஃபண்ட் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அந்தப் பிரிவு எண்ணை வருடம் ஒரு முறையாவது பாருங்கள் என்று யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

சம்பளத்துக்கு மறுபெயர் வைக்கும் வழக்கம் புதிதில்லை. இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற வழக்கே ஒரு தோட்டக்காரரின் கூலியைப் பற்றியதுதான். இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் தோட்டக்காரருக்குக் கூலியாகக் கொடுத்துவந்த பணத்தின் பெரும்பகுதியை, முந்தைய சேவைக்காக ஆண்டுதோறும் தரும் தொகை என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார். கூலியை வரியில் கழிக்க முடியாது. பத்திரப்படி தரும் தொகையைக் கழிக்கலாம். 1935இல் பிரபுக்கள் சபை இது செல்லும் என்றது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அன்றைய நிலை. 1981இல் ராம்சே வழக்கில் அதே சபை, ஒட்டுமொத்த ஏற்பாட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று திரும்பியது. 1985இல் மெக்டவல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் கொள்கையிலிருந்து விலகும் காலம் வந்துவிட்டது என்றார். 2003இல் ஆசாதி பச்சாவோ ஆந்தோலன் தீர்ப்பு அந்தக் கடுமையைக் கொஞ்சம் தளர்த்தியது. 2017 ஏப்ரல் முதல் வரி தவிர்ப்புக்கு எதிரான பொது விதியே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வரிப் பலன் மூன்று கோடியைத் தாண்டினால்தான் அது வரும்; சம்பளக்காரரைத் தொடாது. அவரைத் தொட அது தேவையும் இல்லை. உறவு முதலாளி–ஊழியர் உறவு என்று நிறுவினாலே போதும்.

தோட்டக்காரர் வழக்கில் லாபமும் ஆபத்தும் பிரபுவுடையவை. பத்திரம் செல்லாமல் போயிருந்தால் கூடுதல் வரி கட்ட வேண்டியவர் அவர்தான். எண்பது வருடம் கழித்து அதே நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

1990களின் இறுதியிலிருந்து இங்கிலாந்தில் ஒப்பந்த வேலை பார்த்த ஐடிக்காரர்கள், செவிலியர், மாற்று டாக்டர்கள், சமூகப் பணியாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோரிடம் ஒரு ஏற்பாடு விற்கப்பட்டது. வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் முதலில் ‘அம்ப்ரெல்லா’ எனப்படும் நிறுவனத்துக்குப் போகும். அது குறைந்தபட்சக் கூலி அளவுக்கு ஒரு சிறு தொகையைச் சம்பளமாகக் கொடுக்கும். மீதியை நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு அறக்கட்டளை மூலம் கடனாகக் கொடுக்கும். கடனுக்கு வருமான வரி கிடையாது. அந்தக் கடனை யாரும் திரும்பக் கேட்கவே மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சம்பாதித்ததில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு கைக்கு வரும் என்று விளம்பரம் செய்தார்கள். மிச்சம் ஏற்பாட்டுக்காரரின் கமிஷன். வழக்கறிஞர் கருத்து வாங்கியாயிற்று, சட்டப்படி சரி என்று ஏஜென்சிகளும் சொல்லின. சில இடங்களில் இந்த வழியில் வந்தால்தான் வேலை என்ற நிலையும் இருந்தது.

2016 பட்ஜெட்டில் அந்நாட்டு அரசு ‘லோன் சார்ஜ்’ என்பதை அறிவித்தது, 2017இல் சட்டமானது. 1999 ஏப்ரல் 6க்குப் பின் வாங்கி, 2019 ஏப்ரல் 5 அன்று திரும்பக் கட்டாமல் நின்ற கடன் அத்தனையையும் ஒரே வருட வருமானமாகக் கூட்டி வரி போடு என்பது அதன் சாரம். பத்து வருடக் கடன் ஒரே வருடத்தில் குவிந்ததால் பலர் மிக உயர்ந்த வரி அடுக்குக்குப் போனார்கள். ஏறத்தாழ 50,000 பேர் இதில் மாட்டினார்கள். இடையில் 2017 ஜூலையில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழக வழக்கில், உழைப்புக்கான பணத்தை மூன்றாம் ஆளிடம் திருப்பிவிட்டாலும் அது சம்பளமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டரீதியாக அந்த ஏற்பாட்டின் கதை அத்தோடு முடிந்தது.

முறைப்படி அந்த வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் முதலாளி. ஆனால் அந்த நிறுவனங்களில் பல கலைந்துபோயிருந்தன, அல்லது வெளிநாட்டில் இருந்தன. ஆகவே வரித்துறை தனி ஆட்களிடம் வந்தது. 2018 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் பொருளாதாரக் குழு, வரித்துறை மக்களை நியாயமாக நடத்தவில்லை என்று கடுமையாக எழுதியது. 2019 இறுதியில் ஏமியஸ் மோர்ஸ் ஆய்வுக்குப் பிறகு 2010 டிசம்பர் 9க்கு முந்தைய கடன்கள் விடப்பட்டன. மீதியை மூன்று வருடங்களில் பிரித்துக் காட்டவும் வழி வந்தது. அதற்குள் குடும்பங்கள் நொறுங்கியிருந்தன. இந்தக் கடன் வரியில் சிக்கியவர்களில் பத்துத் தற்கொலைகளை வரித்துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் ரே மெக்கான் தலைமையில் இன்னொரு ஆய்வு தொடங்கி நவம்பர் பட்ஜெட்டோடு வெளியானது. பாக்கியைக் குறைத்து முடித்துக்கொள்ள ஒரு புதிய வழி திறந்தது. முதல் அறிவிப்புக்கு ஒன்பது வருடம் கழித்து.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அவர்களில் பலர் பேராசைக்காரர்கள் இல்லை. நிபுணர் சொன்னார், ஏஜென்சி சொன்னது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அதில்தான் இருந்தார். தாங்கள் கட்டாத வரியை அவர்கள் கட்ட வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏற்பாட்டை வடிவமைத்து, விற்று, கமிஷன் எடுத்தவரை முதலில் பிடிக்காமல் கடைசி ஆளிலிருந்து தொடங்குவது நீதியாகாது. 2026 ஏப்ரல் முதல் அம்ப்ரெல்லா நிறுவனம் கட்டாத சம்பள வரிக்கு ஆளெடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியும் பொறுப்பு என்று அங்கே சட்டம் வந்திருக்கிறது. இருபது வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது அது.

கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அங்கே போன செவிலியரும் ஐடிக்காரர்களும் ஏராளம். 2020இல் கொரோனாவுக்காகப் பணிக்குத் திரும்பிய மருத்துவ ஊழியர்களைக் குறிவைத்தே இதே மாதிரி ஏற்பாடுகள் விற்கப்படுகின்றன என்று அந்நாட்டு வரித்துறை எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பதும் சரியில்லை. இந்தியா–இங்கிலாந்து இரட்டை வரி ஒப்பந்தத்தில் 2012இல் சேர்த்த திருத்தத்தின்படி வரி வசூலில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று உதவலாம்.

கடன் என்ற அந்த வடிவம் இந்தியாவில் அப்படியே செல்லுபடியாகாது. முதலாளி வட்டியில்லாமல் கடன் கொடுத்தால், ஸ்டேட் வங்கி விகிதத்தைக் கொண்டு வட்டிச் சலுகையைக் கணக்கிட்டுச் சம்பளத்தோடு சேர்க்கும் விதி நம்மிடம் உண்டு. இங்கே ஓடுவது கன்சல்டன்ட் வேஷம். இன்னும் கீழே போனால் அலவன்ஸ் வேஷம். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி மீதியைப் படிகளாகப் பிரித்து வருங்கால வைப்பு நிதியைக் குறைக்கும் பழக்கத்தை, எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படி அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதை ஊதியமாகவே எண்ணச் சொல்கிறது.

யார் ஊழியர், யார் ஒப்பந்தக்காரர் என்பதில் நம் பக்கத்து ஊர்களின் இரண்டு வழக்குகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். கோழிக்கோட்டில் ஒரு கயிறு ஆலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளர்களை, திரையை விலக்கிப் பார்த்தால் இவர்கள் ஆலையின் தொழிலாளர்களே என்று 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியவர்களும் தரம் பிரித்தவர்களும் சங்கத்தின் ஊழியர்கள் இல்லை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளிமேல் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வரி முக்கியம். காகிதத்தில் கன்சல்டன்ட் என்று கையெழுத்திட்டவர் நாளைக்கு வைப்பு நிதி கேட்டு வழக்குப் போட்டால், தான் ஊழியர் என்று அவரே நிரூபிக்க வேண்டும். அதே ஆளை ஊழியர் என்று சொல்லி வருமான வரித்துறை வரி கேட்கவும் கூடும். இரண்டு பக்கமும் அவருக்கே இழப்பு.

அட்டப்பாடிக்குள் வருவோம். இங்கே பலருக்கு வருமானம் வரி வரம்புக்குள் வருவதே இல்லை. ஆனாலும் இந்த ஆபத்து அவர்களையும் விடுவதில்லை. 1996 ஆகஸ்டில் கேரளத்தில் மக்கள் திட்டம் தொடங்கியபோது, ஒப்பந்தக்காரரை ஒதுக்கிவிட்டுப் பயனாளிகள் குழுவே பஞ்சாயத்து வேலையை எடுத்துச் செய்யட்டும் என்பது நல்ல நோக்கம். அட்டப்பாடியில் ஜப்பான் கடனுதவியில் நடந்த ‘அகாட்ஸ்’ திட்டமும் ஊர்க்குழுக்கள் மூலம் வேலை செய்தது. கேரளம் முழுக்க அந்தப் பயனாளிகள் குழுக்களுக்குப் பின்னால் பினாமி ஒப்பந்தக்காரர்கள் நின்றார்கள் என்பது அந்த இயக்கத்தை ஆதரித்தவர்களே ஒப்புக்கொண்ட குறை. வேலை ஒருவருடையது, பணம் ஒருவருடையது, கன்வீனர் என்ற கையெழுத்து மட்டும் ஊர்க்காரருடையது. பான் எண்ணும் அவருடையதாக இருந்தால், 194சி பிரிவில் பில் தொகை முழுதும் அவர் பேரில் ஏறும். ஒரு லட்சத்துக்குள் குடும்ப வருமானம் இருக்க வேண்டிய சமூகநல ஓய்வூதியத்துக்கு அவர் விண்ணப்பித்தால், கையில் வராத லட்சங்கள் ஆவணத்தில் எதிரே நிற்கும். பான் கொடுக்காமல் விட்டாலோ ஒரு சதவீதத்துக்குப் பதில் இருபது சதவீதம் பிடிப்பார்கள்.

“ஆதிவாசிகளுக்கு வருமான வரி இல்லை, உங்கள் பேரில் போட்டால் யாருக்கும் தொந்தரவில்லை” என்றொரு பேச்சு உண்டு. அது பொய். 10(26) பிரிவின் விலக்கு வடகிழக்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் லடாக்கிலும் வாழும் பழங்குடியினருக்கு மட்டும். அட்டப்பாடி இருளருக்கோ முடுகருக்கோ குறும்பருக்கோ அது கிடையாது. அவர்கள் பேரில் லட்சங்களைக் காட்டினால் கேள்வி அவர்களிடம்தான் வரும்.

தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் ஒரு கேடயத்தையும் சொல்ல வேண்டும். முதலாளி உங்கள் பணத்தில் டிடிஎஸ் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் போனால், அந்த வரியை உங்களிடம் கேட்கக் கூடாது என்கிறது 205ஆம் பிரிவு. 2015 ஜூனில் நேரடி வரி வாரியமும் அதை வலியுறுத்திச் சுற்றறிக்கை விட்டது. கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு விமானிக்கு 2021இல் குஜராத் உயர் நீதிமன்றம் இதன்படியே நிவாரணம் கொடுத்தது. ஆகவே வரி பிடித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டை மாதா மாதம் வாங்கி வைத்திருங்கள். ஆனால் வரியே பிடிக்காத ஏற்பாடாக இருந்தால் இந்தக் கேடயம் உதவாது. சம்பளத்தில் பாதியை ரொக்கமாகவோ ‘செலவு ஈடு’ என்றோ வாங்கியவருக்கு 205 இல்லை.

ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் கொடு என்று வரும் ஏஜெண்டுகள் இதே குடும்பம்தான். கண்ணூரில் பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கியதாகக் கடற்படையினர், காவலர் உட்பட 31 பேர்மேல் 2023இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. தொகை 44 லட்சம் அளவுக்கு. வழக்கில் பேர் ஏறியது ரீஃபண்ட் வாங்கியவர்களுக்கு. 2025 ஜூலையில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியபோது, அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தது.

புதிதாக ஒப்பந்தம் கைக்கு வந்தால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பிரிவில் வரி பிடிப்பீர்கள், ஜிஎஸ்டி கட்டணத்துக்கு உள்ளேயா மேலேயா, வரித்துறை பின்னால் இதைச் சம்பளம் என்று சொன்னால் கூடுதல் வரியை யார் தாங்குவது. மூன்றாவதற்கு எழுத்தில் பதில் தராத கம்பெனிக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே தெரியும் என்றுதான் பொருள்.

ஏற்கெனவே இப்படி ஒரு ஏற்பாட்டில் இருக்கிறவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ எனப்படும் புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்ய மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அவகாசம் உண்டு. முதல் வருடத்துக்குள் செய்தால் கூடுதலாக வரியிலும் வட்டியிலும் நூற்றுக்கு 25 கட்டினால் போதும். இரண்டாம் வருடத்தில் 50, மூன்றாவதில் 60, நான்காவதில் 70. துறையின் நோட்டீஸ் முந்திக்கொண்டால் இந்தச் சலுகையை முழுதாக நம்ப முடியாது. பழைய நான்கு வருட 26ஏஎஸ் படிவங்களை எடுத்துக்கொண்டு, அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவரிடம் போகாமல், அதில் பங்கில்லாத வேறொரு ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.